பெயர் எழுதாத சீட்டு

"அம்மா, ஒரு மெல்லிசைக் குழுவிலே என்னைப் பாடக் கூப்பிடறாங்க. போகட்டுமா?"

அரிவாள்மனையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன். கேட்டவள் என் மகள். வயது 20. பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கிறாள். கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு மணத்தக்காளி வற்றல் ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் தலையைக் கூட நிமிர்த்தவில்லை.

"அம்மாவுக்கு இருந்த பைத்தியம் பொண்ணுக்கும் பிடிச்சாச்சா?" என்றார்.

அந்தப் பைத்தியத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இப்போது 46 வயது. பிறந்த வீடும் செங்கல்பட்டு, புகுந்த வீடும் செங்கல்பட்டு. 1997-ல் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தபோது, என் அண்ணனின் சிநேகிதர் ஒருவர் நடத்திவந்த மெல்லிசைக் குழுவில் பெண் குரலுக்கு ஆள் தேவைப்பட்டது. வீட்டில் நான் பாடுவதை அண்ணன் போய்ச் சொல்லிவிட்டான். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். எந்த ஊர் போனாலும் அண்ணன் கூடவே வர வேண்டும். அவ்வளவுதான். இரண்டரை வருஷம் பாடினேன். ஒரு கச்சேரிக்கு 150 ரூபாயும் ராத்திரிச் சாப்பாடும் கிடைக்கும்.

2000-ல் கல்யாணம் நிச்சயமாயிற்று. "மேடையில பாடறதெல்லாம் இனிமே வேண்டாமே" என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். அதற்காக இன்று யாரையும் குறை சொல்ல வரவில்லை. எனக்கு இஷ்டமா என்று யாரும் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை.

டி.வி. பாட்டுப் போட்டிகளைப் பார்த்தே வளர்ந்த இளம் தாய்மார்களுக்கு மெல்லிசைக் கச்சேரி எப்படி இருந்தது என்று தெரிந்திருக்காது. ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் அம்மன் கோயில் இல்லாத தெருவே இல்லை என்று தோன்றும். காலையில் கூழ் வார்ப்பார்கள். அன்று முழுக்க ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரி. ராத்திரி சாமி ஊர்வலம் முடிந்ததும் கச்சேரி. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அந்த வழியெல்லாம், அதற்கப்பால் கடலோரத்துக் குப்பங்களிலெல்லாம் நாங்கள் பாடியிருக்கிறோம். தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம்... பேர்களைச் சொன்னாலே எனக்கு உப்புக் காற்று அடிக்கிறது.

ஒரு கீ போர்டு, ஒரு கிடார், தபேலா, டோலக், ரிதம் பேட். எப்போதாவது பணம் கூடுதலாக வந்தால் வெளியிலிருந்து ஒரு புல்லாங்குழல்காரர். ஆண் குரலுக்கு இரண்டு பேர். ஒருவர் டி.எம்.எஸ்., இன்னொருவர் எஸ்.பி.பி. பெண் குரலுக்கு நான் ஒருத்திதான். சுசீலாவும் நானே, ஜானகியும் நானே, சித்ராவும் ஸ்வர்ணலதாவும் நானே. ஒரே தொண்டையில் நாலு பேர் குடித்தனம்!

அதற்கு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கேசட்டைப் போட்டுப் போட்டு, திருப்பித் திருப்பி, நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றி, ஒவ்வொரு பாட்டையும் மனப்பாடம் செய்வேன். பாட்டை மட்டுமல்ல. பாடகி எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார், எங்கே லேசாகச் சிரிக்கிறார், எங்கே குரலை விழுங்குகிறார் என்பதையும்தான். ஜானகி அம்மா குழந்தைக் குரலிலும் பாடுவார், கிழவி குரலிலும் பாடுவார். அதை நான் சமையலறையில் சாதகம் செய்தால் அம்மா, "அடுப்பங்கரையிலே யாருடி அது?" என்று கொல்லையிலிருந்து கத்துவாள்.

கடற்கரைக் கச்சேரி என்றால் தபேலாக்காரருக்குத்தான் தொல்லை அதிகம். ஈரக் காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கிக்கொண்டே போகும். பாட்டுக்குப் பாட்டு சுத்தியலால் தட்டி ஏற்றிக்கொண்டே இருப்பார். எனக்கு என் அம்மா ஒரு சின்ன டப்பாவில் பனங்கற்கண்டும் மிளகும் இடித்துக் கொடுத்தனுப்புவாள். காதை மூடித் துணி கட்டிக்கொள்ளச் சொல்வாள். மேடையில் பாடும் பெண் காதைக் கட்டிக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்! வேன் ஏறும்வரை கட்டியிருந்து, அங்கே போனதும் அவிழ்த்துவிடுவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கச்சேரிக்கு வந்து மணலில் உட்காருகிறார்களே, அந்த ஜனங்களுக்கு எங்களிடம் என்னதான் வேண்டும்? எங்களுக்கு அது சோற்றுக் கேள்வி. அடுத்த வருஷம் அதே ஊர் கூப்பிடுமா கூப்பிடாதா என்பது அதில்தான் இருக்கிறது.

முதலில் அவர்களுக்கு வேண்டியது, பாட்டு ரேடியோவில் கேட்டபடியே இருக்க வேண்டும். வரிகள் மட்டுமல்ல, பல்லவிக்கு முன்னால் வரும் இசை, சரணங்களுக்கு நடுவே வரும் வயலின், எல்லாம். முன்னிசை ஆரம்பித்து இரண்டு விநாடிக்குள் விசில் பறக்கும். இன்ன பாட்டு என்று கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். இடையிசையில் கீ போர்டுகாரர் ஒரு ஸ்வரம் தப்பிவிட்டால் போதும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பொடிப் பையன் கூட, பெரிய வித்வான் மாதிரி "உச்" கொட்டுவான். அவன் ஒரு நாளும் பாட்டு வகுப்புக்குப் போனவன் இல்லை. டீக்கடையில் கேட்ட கேள்விதான்.

இதை நான் நன்றாகப் புரிந்துகொண்டது 1998-ல், தேவனேரியில்.

'கருத்தம்மா' படம் 1994-ல் வந்தது. ஏ.ஆர். ரஹ்மான் இசை. அதில் ஸ்வர்ணலதா பாடிய சோகப் பாட்டுக்குத் தேசிய விருது கிடைத்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அன்று அந்தப் பாட்டைக் கேட்டுச் சீட்டு வந்தது. நானும் அப்போதுதான் ஒரு டீச்சரிடம் கொஞ்ச நாள் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டிருந்தேன். கற்றது சும்மா இருக்குமா? பாட்டின் நடுவில் ஓர் இடத்தில் நீட்டி நிரவி, நானாக நாலு சங்கதி போட்டேன். கீ போர்டுகாரர் திரும்பி முறைத்தார். நான் கவனிக்காதவள் போலத் தொடர்ந்தேன். கை தட்டினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

கச்சேரி முடிந்து வேன் ஏறப் போகும்போது ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கலாம். கையில் தூங்கிப்போன பேரக் குழந்தை.

"நல்லாத்தான் பாடுன கண்ணு. ஆனா அது எங்க பாட்டு இல்ல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "அதேதானே பாடினேன்" என்றேன்.

"நடுவுல நீ எங்கியோ போயிட்ட. நாங்க அங்கியே நின்னுனு இருந்தோம்."

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. குழந்தையின் தலையில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு நடந்துவிட்டார். அன்று வேனில் செங்கல்பட்டு வரும்வரை நான் யாரோடும் பேசவில்லை. அவருக்கு அந்தப் பாட்டில் என்ன இருந்ததோ! யாரையோ கட்டிக்கொடுத்த நாளோ, யாரோ போன நாளோ. அதைத் திரும்ப ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். வழிகாட்டிப் போக வேண்டிய நான் பாதி வழியில் என் அழகைக் காட்ட நின்றுவிட்டேன்.

நீங்கள் கேட்கலாம், அப்படியானால் எஸ்.பி.பி. மேடையில் இஷ்டம் போலச் சங்கதி மாற்றிப் பாடுவாரே, சிரிப்பாரே, அதை எல்லாரும் ரசித்தார்களே என்று. வாஸ்தவம். அவர் மாற்றலாம். பாட்டே அவர் வாயில் பிறந்தது. மூலவர் தம் இஷ்டப்படி இருக்கலாம். நாங்கள் உற்சவர்கள். கோயிலுக்கு வர முடியாதவர்கள் வாசலுக்கு எங்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் பெருமாள் எழுந்தருளும்போது கவனித்திருக்கிறீர்களா? உள்ளே இருப்பவர்தான் வெளியே வந்திருக்கிறார் என்றுதான் எல்லாரும் கும்பிடுகிறார்கள். உற்சவர் வேறு முகத்தோடு வந்தால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

அதே எஸ்.பி.பி.யின் மெல்லிசைக் குழுவில்தான் இளையராஜாவும் அவர் சகோதரர்களும் இசைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கும் முன்னால் அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராக மேடைக் கச்சேரி. பிறகு 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. ஏ.வி. ரமணனும் உமா ரமணனும் 'மியூசியானோ' என்ற குழுவை வைத்திருந்தார்கள். 1980-ல் 'நிழல்கள்' படத்தில் உமா ரமணன் பாடிய பாட்டு எங்கள் பட்டியலில் எப்போதும் உண்டு. 2024 மே மாதம் அவர் காலமான செய்தியைப் பார்த்தபோது எனக்கு ஏதோ சொந்தக்காரர் போன மாதிரி இருந்தது. மெல்லிசை என்றால் இரண்டாம் தரம் என்று மூக்கைச் சுளிப்பவர்களுக்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லையாம். ஆஸ்திரேலியாவில் படிக்கும் என் தம்பி மகன் சொன்னான். 'ஆபா' என்று ஸ்வீடன் நாட்டுக் குழு, 1982-க்குப் பிறகு பாடுவதை விட்டுவிட்டது. 1988-ல் மெல்பர்னில் சிலர் சேர்ந்து அவர்களைப் போலவே உடை, அவர்களைப் போலவே பாட்டு என்று ஒரு குழு ஆரம்பித்து உலகமெல்லாம் சுற்றினார்களாம். 'பிங்க் ஃபிளாய்ட்' என்ற ராக் குழுவின் பாட்டுகளை அச்சு அசலாக வாசிக்கும் இன்னொரு ஆஸ்திரேலியக் குழுவை, அந்த அசல் கிடார்காரரே 1996-ல் தம் ஐம்பதாவது பிறந்தநாளுக்குக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம்! எங்கள் பக்கத்தில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக எம்.ஜி.ஆர். வேஷம் கட்டி ஆடுகிறவர் மேடை ஏறினால், பாட்டிமார்கள் எழுந்து நின்று பத்து ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்துவார்களே, அது எனக்கு ஞாபகம் வந்தது. அவர் எம்.ஜி.ஆர். இல்லை என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன?

அப்படியே இருக்க வேண்டும் என்றால் கேசட்டையே போட்டுவிடலாமே, குழு எதற்கு? இதற்கும் ஒரு அனுபவம் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் உறவுக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. பாட்டுக் கச்சேரி என்று போட்டிருந்தார்கள். மேடையில் ஒரு பையனும் ஒரு பெண்ணும், ஒரு லேப்டாப்பும் மட்டும். வாத்திய இசை முழுக்க அதிலிருந்தே வந்தது. இருவரும் நன்றாகவே பாடினார்கள். ஒரு ஸ்வரம் பிசகவில்லை. ஆனால் ஒருவர் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பாட்டுப் பந்திக்கு இடம் பிடிக்கப் போய்விட்டார்கள். என் பக்கத்தில் இருந்த பெரியவர், "இதுக்கு டேப் ரிகார்டரே போதுமே, ஆள் கூலி மிச்சம்" என்றார்.

1999-ல் திருக்கழுக்குன்றத்தில் எங்கள் கச்சேரியில் நடுப்பாட்டில் கரண்ட் போய்விட்டது. கீ போர்டு போச்சு, மைக் போச்சு. எங்கள் டி.எம்.எஸ். நிறுத்தவில்லை. தொண்டையைத் திறந்து அப்படியே பாடினார். டோலக்காரர் கூடவே வாசித்தார். அத்தனை கூட்டமும் மூச்சு விடாமல் இருந்தது. பிறகு மெல்ல மெல்லக் கைதட்டித் தாளம் போட ஆரம்பித்தது. கரண்ட் வந்தபோது, "அணைங்கப்பா" என்று யாரோ கத்தினார்கள்! ஆக, அதே பாட்டுதான் வேண்டும். ஆனால் கண்முன்னே ஒருவர் வேர்வை வழியச் செய்து தர வேண்டும். தப்பிப் போகலாம் என்ற நிலை இருந்து, தப்பாமல் வர வேண்டும். கடையில் அப்பளம் கிடைத்தாலும் வீட்டில் இட்ட அப்பளத்துக்கு இருக்கும் மவுசு போலத்தான் இதுவும்.

இன்னொன்றும் உண்டு. நான் பெண் என்பதால்தான் எனக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன். அது சீட்டு விஷயம்.

ஆண்களுக்குப் பாட்டு வேண்டுமென்றால் கத்துவார்கள். மேடைக்கே வந்து கையைப் பிடிப்பார்கள். சீட்டு அனுப்பினால் பேர், ஊர், மன்றத்தின் பேர், தலைவர் பேர் எல்லாம் இருக்கும். அதையெல்லாம் மைக்கில் வாசித்தாக வேண்டும். இல்லாவிட்டால் சண்டை. பெண்கள் அனுப்பும் சீட்டு வேறு மாதிரி. யாராவது ஒரு பையன் கையில் கசங்கி வரும். மளிகைக் கடைக் காகிதம், பிள்ளையின் கணக்கு நோட்டுத் தாள், பஸ் டிக்கெட். படத்தின் பேர் மட்டும் இருக்கும். பேர் இருக்காது. "யாருடா கொடுத்தது?" என்று கேட்டால் பையன் இருட்டுப் பக்கம் கையைக் காட்டுவான். அந்தப் பக்கம் பாய் விரித்து, சொம்பில் தண்ணீர் வைத்து, மடியில் குழந்தையைப் போட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் ராத்திரிச் சமையல் சீக்கிரம் முடியும். ஒருத்தியும் அசைய மாட்டாள். ஆனால் பாட்டு ஆரம்பித்ததும், அதில் யாரோ ஒருத்தி முந்தானையை இழுத்து முகத்தருகே கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் அந்தச் சீட்டுகளைத்தான் முதலில் எடுப்போம். குழுத் தலைவரின் கட்டளை அது.

குழந்தையோடு போகும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்து ஒலிபெருக்கி வேறு, இப்போது மேடை ஓரத்தில் அடுக்குகிறார்களே ஆள் உயரப் பெட்டிகள், அவை வேறு. அதன் முன்னால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். காதில் பஞ்சு வைப்பது போதாது. தள்ளிப் போய், கூட்டத்தின் கடைசியில் உட்காருங்கள். பாட்டு அங்கேயும் கேட்கும்.

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். அந்த அம்மா சொன்னதையும் சொன்னேன். அவள் எட்டு வருஷம் முறையாகச் சங்கீதம் கற்றவள். பழைய பாட்டைத் தன் பாணியில் மாற்றிப் பாடி ரீல்ஸ் போடுகிறவள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அப்போ எனக்குன்னு அதிலே ஒண்ணும் கிடையாதாம்மா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தானே! என்ன பதில் சொல்வது? "போய்ப் பாடிப் பார்" என்றேன். அதுதான் என் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அவர் அன்று ராத்திரி சாப்பிடும்போது, "நீ கூடப் போறதா இருந்தா போகட்டும்" என்றார். மோரை ஊற்றிக்கொண்டு, தட்டைப் பார்த்தபடியே, "உன்னையும் அன்னிக்கு விட்டிருக்கலாம்" என்றார். 25 வருஷத்தில் முதல் தடவை. நான் ஊறுகாய் எடுக்க உள்ளே போய்விட்டேன்.

மாமியார் மட்டும் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

சென்ற வருஷம் ஆடியில் அந்தக் கச்சேரி. ஊர் எது தெரியுமா? தேவனேரிதான்! எனக்கே நம்ப முடியவில்லை. அப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை இத்தனை அகலம் இல்லை, இத்தனை ஓட்டல்களும் இல்லை. நடுவில் 2004 டிசம்பர் 26 வந்துவிட்டுப் போனது. அன்று சுனாமி இந்தக் கரையையும் விடவில்லை. மணலில் இறங்கியதும் நான் அந்த அம்மாவைத்தான் தேடினேன். இருந்தால் எண்பதை நெருங்கியிருக்கும். முகம் எனக்குச் சரியாக ஞாபகமும் இல்லை. வயதான ஒவ்வொருவரையும் உற்றுப் பார்த்துவிட்டு, பெண்கள் பக்கம் போய் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் தம் பாயில் எனக்கும் இடம் விட்டார்.

இப்போதெல்லாம் விடிய விடியக் கச்சேரி கிடையாது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. விசேஷ நாட்களுக்கு அரசு அனுமதித்தால் உண்டு. ஆகவே ஏழு மணிக்கே ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் பிள்ளையார், பிறகு அம்மன், பிறகு எம்.ஜி.ஆர். வரிசை மாறவேயில்லை! பாட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்ற வழக்கெல்லாம் கூட இப்போது வந்துவிட்டது. 2017-ல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கும் சித்ராவுக்குமே வக்கீல் நோட்டீஸ் போனது பேப்பரில் வந்ததே. உருவாக்கியவருக்குரிய பங்கு போய்ச் சேர வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனாலும் "எங்க பாட்டு" என்று அந்த அம்மா சொன்னாரே, அந்தச் சொந்தத்தை எந்த வக்கீல் எழுதுவார்?

மகள் முதல் இரண்டு பாட்டும் பயந்து பயந்து பாடினாள். மூன்றாவதில் கொஞ்சம் தைரியம் வந்தது. வந்ததும், நான் பயந்தபடியே, ஓர் இடத்தில் தன் பாணியைக் கொஞ்சம் இழுத்தாள். என் பக்கத்தில் பாயில் இருந்தவர் கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். நிறுத்தி, காத்திருந்தார். மகள் திரும்பி வந்த பிறகு சேர்ந்துகொண்டார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மேடையிலிருந்து அவளுக்கும் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். அடுத்த பாட்டில் அந்த இழுப்பு இல்லை.

எனக்கு என்ன தோன்றியதோ தெரியாது. கைப்பையைத் துழாவினேன். ஒரு துண்டுக் காகிதம் அகப்பட்டது. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் பேனா வாங்கி, 'கருத்தம்மா' என்று மட்டும் எழுதி மடித்து, ஓடிக்கொண்டிருந்த ஒரு பையனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

"பேரு என்னா ஆன்ட்டி?" என்றான்.

"பேர் வேண்டாம் கண்ணா. அந்த அக்கா கையில கொடு."

மேடையில் அவள் சீட்டைப் பிரிப்பது தெரிந்தது. "பேர் எழுதாத ஒரு சீட்டு வந்திருக்கு" என்று மைக்கில் சொன்னாள். கீ போர்டு ஆரம்பித்தது. பாயில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு தரம் அசைந்து உட்கார்ந்தார்கள்.

ஒரு சங்கதி கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவும் இல்லை. மூச்சு வாங்கும் இடம் கூட அதேதான். 2010-ல் 37 வயதிலேயே போய்விட்ட ஸ்வர்ணலதாவின் குரல் அது இல்லை. என் பெண்ணின் குரல்தான். அது அத்தனை பேருக்கும் தெரிகிறது. தெரிந்துதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் 1998-ல் விட்டுவிட்டுப் போன இடம் வந்தது. மகள் நேராக நடந்து போனாள். நான் முந்தானையை எடுத்து முகத்தருகே வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தினார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் மகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அம்மா, அந்தச் சீட்டுக்குப் பின்னாலே 'கத்தரிக்காய் அரைக் கிலோ, துவரம்பருப்பு, விம் சோப்பு'ன்னு எழுதியிருந்துது."

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வரும்போது மணி பதினொன்றரை. அவர் கதவைத் திறந்தார். மாமியார் படுக்கையில் உட்கார்ந்துகொண்டிருந்தார். தூங்கவில்லை.

"சாப்பிட்டாளா?" என்று என்னைக் கேட்டார். என்னோடு பேசிவிட்டார்!

"சாப்பிட்டா அத்தை."

"என்னென்ன பாடினா?"

மகளே படத்தின் பேர்களைச் சொன்னாள். அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. முடிந்ததும், "'உயர்ந்த மனிதன்' படத்திலே சுசீலா பாடுவாங்களே, விருதெல்லாம் வாங்கினாங்களே. அதைப் பாடலையா?" என்றார்.

"யாரும் சீட்டு அனுப்பலையே பாட்டி."

மாமியார் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். விளக்கை அணைக்கப் போனேன்.

"அடுத்த கச்சேரி எந்த ஊர்லே?" என்று கேட்டார்.